லாஸ் வேகஸ் அருகே பாலைவன ஊற்றுகளைக் காண ஒரு பயணத் திட்டம்

லாஸ் வேகஸுக்குச் செல்வோரில் பெரும்பாலோர் நகரின் விளக்குகளையும், நேரம் மிஞ்சினால் கிராண்ட் கேன்யனையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகின்றனர். அந்த நகரம் அங்கே எழுந்ததற்கே காரணமான ஊற்றுகளைக் காண இரண்டு நாட்கள் ஒதுக்கினால் போதும். வற்றிய ஊற்றை முதலில் பார்த்துவிட்டு, இன்னும் நீர் சுரக்கும் ஊற்றுகளுக்குப் பிறகு செல்லுங்கள். அப்போதுதான் பின்னதன் அருமை புரியும்.

அக்டோபர் முதல் ஏப்ரல் வரை ஏற்ற காலம். கோடையில் வெயில் 40 பாகை செல்சியஸைச் சாதாரணமாகத் தாண்டுவதால், குழந்தைகளையும் முதியவர்களையும் அப்போது அழைத்துச் செல்ல வேண்டாம்.

முதல் நாள் காலையில், நகருக்குள்ளேயே 180 ஏக்கரில் அமைந்துள்ள ஸ்பிரிங்ஸ் பிரிசர்வுக்குச் செல்லுங்கள். நுழைவுக் கட்டணம் உண்டு. திறந்திருக்கும் நாட்களை முன்னரே சரிபார்த்துக்கொள்ளுங்கள். 1905-இல் ரயில் பாதையை ஒட்டி உருவான ஊருக்குக் குடிநீர் தந்த ஊற்றுகள் இங்குதான் இருந்தன. கிணறுகளைத் தோண்டித் தோண்டி நிலத்தடி நீரை இறைத்ததால், 1962-இல் இவை மேற்பரப்புக்கு வருவது நின்றுபோனது. காட்சியகங்களில் நேரத்தைச் செலவிடுவதைவிட, பழைய ஊற்றுக்கண் இருந்த பகுதியைச் சுற்றிச் செல்லும் நடைபாதையில் நடப்பதே மேல்.

அன்று பிற்பகல், 95-ஆம் எண் நெடுஞ்சாலையில் வடமேற்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டர் சென்றால் கார்ன் கிரீக் வரும். பாலைவனப் பெருங்கொம்பு ஆடுகளைக் காப்பதற்காக 1936-இல் அமைக்கப்பட்ட, சுமார் 16 லட்சம் ஏக்கர் பரப்புள்ள வனவிலங்குப் புகலிடத்தின் வாசல் இது. ஆடுகள் மலைமேல் இருப்பதால், அவற்றைக் காண்போம் என்று எண்ணிப் போக வேண்டாம். ஊற்றுநீரைச் சுற்றி வளர்ந்த மரங்களில் வந்திறங்கும் பறவைகளுக்காகவே பைனாகுலர் தேவைப்படும். பரம்ப் பள்ளத்தாக்கின் மான்ஸ் ஊற்று 1975-இல் வற்றுவதற்கு முன்பு பிடித்து வேறிடங்களில் விடப்பட்ட ஒரு மீனினத்துக்கும் கார்ன் கிரீக் அடைக்கலம் தந்துள்ளது. தன் சொந்த ஊற்றை இழந்த இனம் அது.

இரண்டாம் நாள் முழுவதையும் ஆஷ் மெடோஸ் புகலிடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். நகரிலிருந்து ஏறத்தாழ 145 கிலோமீட்டர். 160-ஆம் எண் சாலையில் ஸ்பிரிங் மலைத்தொடரைக் கடந்து பரம்ப் ஊரை அடைந்ததும் பெட்ரோலை நிரப்பி, ஆளுக்கு நான்கு லிட்டர் குடிநீரும் உணவும் வாங்கிக்கொள்ளுங்கள். அதற்கப்பால் கடை கிடையாது. கைபேசித் தொடர்பை நம்ப முடியாது என்பதால் வரைபடத்தை முன்கூட்டியே பதிவிறக்கி வைப்பது நல்லது. உள்ளே பெரும்பாலும் சரளைப் பாதைதான்; சாதாரண கார் போதும் என்றாலும், மழை பெய்தபின் சேறாகிவிடும். நுழைவுக் கட்டணம் இல்லை.

முதலில் கிரிஸ்டல் ஸ்பிரிங்குக்குச் செல்லும் மரப்பாதையில் நடந்து, வெளிறிய உப்பு மண்ணுக்கு நடுவே நீலமாகத் தெளிந்து கிடக்கும் ஊற்றைப் பாருங்கள். அடுத்து பாயின்ட் ஆஃப் ராக்ஸ். இங்குள்ள கிங்ஸ் பூல் ஊற்றில் பப்ஃபிஷ் மீன்களை மிக அருகில் காணலாம். விரல் நீளம்கூட இல்லாத ஆண் மீன்கள் வசந்த காலத்தில் பளீரென்ற நீலநிறம் கொண்டு, தம் எல்லைக்குள் வரும் மற்ற ஆண்களை விரட்டிக்கொண்டே இருக்கும். நிழல் நீரில் விழாதபடி ஓரமாகச் சில நிமிடங்கள் அசையாமல் நின்றால், ஒதுங்கிய மீன்கள் திரும்பி வந்துவிடும். பழங்குடி மக்கள் தானியமும் மெஸ்கீட் என்ற பாலைவன மரத்தின் காய்களும் இடித்த உரற்குழிகள் அருகிலுள்ள பாறையில் இருக்கின்றன. பலர் அவற்றைக் கவனியாமல் தாண்டிப் போகின்றனர்.

டெவில்ஸ் ஹோல் இந்தப் புகலிடத்தால் சூழப்பட்டிருந்தாலும், டெத் வேலி தேசியப் பூங்காவைச் சேர்ந்தது. வேலியிட்ட மேடையிலிருந்து ஆழமான பாறைப் பிளவைப் பார்க்கலாமேயொழிய, மீன் கண்ணில் படுவது அரிது. ஏமாற்றமாக இருக்கலாம், ஆயினும் தவிர்க்காதீர்கள். ஏறத்தாழ 33 பாகை வெப்பமுள்ள அந்நீரில், நீருக்கடியில் சில மீட்டர் அகலமே உள்ள ஒரு பாறைத்திட்டை நம்பி வாழும் மீனினம் உலகில் வேறெங்கும் இயற்கையாக இல்லை. அருகிலிருந்த பண்ணைகள் நீரிறைத்ததால் திட்டு வெளியே தெரியத் தொடங்கியபோது வழக்கு உச்ச நீதிமன்றம்வரை சென்று, மீன் பிழைக்குமளவு நீர்மட்டத்தைக் காக்க வேண்டுமென 1976-இல் தீர்ப்பாயிற்று. அதன்பின் 1980-களின் தொடக்கத்தில் இப்பகுதியில் ஒரு புதுநகரமே திட்டமிடப்பட்டது. அது கைவிடப்பட்டு, 1984-இல் நிலம் புகலிடமாயிற்று.

ஊற்றுகளில் இறங்கக் கூடாது. காசு போடுவதும் மீனுக்கு இரை வீசுவதும் வேண்டாம். வீட்டுத் தொட்டி மீன்களைக் கொண்டுவந்து விடுவது இவை அனைத்தையும்விடக் கேடானது, ஏனெனில் அயல் மீன்கள் இவ்வூற்றுகளின் இயல்பினங்களை ஏற்கெனவே பெரிதும் அழித்திருக்கின்றன. ட்ரோன் பறக்கவிட அனுமதியில்லை.

மூன்றாம் நாள் கிடைத்தால், வடகிழக்கே மோவாபா பள்ளத்தாக்குப் புகலிடத்துக்குச் செல்லலாம். அருகிவரும் மீன் ஒன்றுக்காகவே 1979-இல் அமைக்கப்பட்ட இச்சிறிய இடம் குறிப்பிட்ட நாட்களில் மட்டுமே திறந்திருக்கும் என்பதால், தேதியை உறுதிசெய்த பிறகே புறப்படுங்கள்.