கிலோமீட்டரை மட்டும் எண்ணாதீர்கள்: புது வண்டியின் என்ஜின் ஆயில் மாற்றத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

என் பெரியப்பா மகள் மொரிஷியஸின் மேட்டுநில நகரமான கியூர்பிப்பில் குடியிருக்கிறார். அங்கிருந்து ஐந்து கிலோமீட்டர் தள்ளி வாக்குவாவில் ஒரு பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறார். அவர் புதிதாக வாங்கிய பெட்ரோல் காருக்கு இரண்டு வயது நிறைந்த சில வாரங்களில், இங்கே குளிர்காலமான ஜூலை மாதத்தில் குளிரும் தூறலுமாக இருந்த ஒரு காலையில், நான் அவர் வீட்டுக்குப் போயிருந்தபோது பானட்டைத் திறந்து ஆயில் ஊற்றும் மூடியைத் திருகி எடுத்துப் பார்த்தேன். மூடியின் உட்புறத்தில், பால் அதிகம் சேர்த்த காப்பியின் நிறத்தில், ஏடு போன்ற ஒரு பசை நகக் கனத்துக்குப் படிந்திருந்தது. ஆயில் அளவு பார்க்கும் குச்சியான டிப்ஸ்டிக்கை உருவி முகர்ந்தால் பெட்ரோல் வாடை அடித்தது. "இன்னும் ஆறாயிரம்கூட ஓடவில்லையே தம்பி, பத்தாயிரத்தில்தானே மாற்றச் சொன்னார்கள்?" என்றார் அக்கா. சர்வீஸ் புத்தகத்தில் இருந்த வரியில் பாதியைத்தான் அவர் நினைவில் வைத்திருந்தார். 10,000 கிலோமீட்டர் அல்லது 12 மாதம், இவற்றில் எது முந்துகிறதோ அப்போது மாற்றவும் என்பதே அந்த வரி முழுவதும்.

மொரிஷியஸில் புது வண்டி வாங்குவோர் செய்யும் தவறுகளில் இதுவே பெரியது என்று நான் கருதுகிறேன். காரணம், நம் தீவின் அளவு. வடக்கிலிருந்து தெற்குவரை ஏறத்தாழ 65 கிலோமீட்டர், கிழக்கிலிருந்து மேற்குவரை 45 கிலோமீட்டர். இந்த எல்லைக்குள் வீட்டுக்கும் வேலைக்கும் இடையே ஐந்தாறு கிலோமீட்டர் மட்டும் போய்வருகிறவர் ஆண்டுக்கு 250 நாள் ஓட்டினாலும் 3,000 கிலோமீட்டரைத் தாண்ட மாட்டார். அவர் பத்தாயிரம் வரட்டும் என்று காத்திருந்தால், தொழிற்சாலையில் ஊற்றிய ஆயில் மூன்று ஆண்டுகளுக்கு மேல் என்ஜினுக்குள்ளேயே கிடக்கும். குறைவாக ஓடும் வண்டியில் ஆயில் குறைவாகத்தானே கெடும் என்று தோன்றுவது இயல்பு. ஆனால் குறுகிய தூர ஓட்டத்தில் நடப்பது இதற்கு நேர்மாறானது.

பெட்ரோலில் ஹைட்ரஜன் இருப்பதால், ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உண்டாகிறது. அதில் பெரும்பகுதி புகைக்குழாய் வழியே போய்விட்டாலும், ஒரு சிறு பங்கு பிஸ்டன் வளையங்களைத் தாண்டிக் கீழே இறங்கி, குளிர்ந்திருக்கும் என்ஜினின் உட்சுவர்களில் நீராகப் படிகிறது. அதே நேரத்தில், குளிர்ந்த என்ஜின் ஓடுவதற்குக் கூடுதல் பெட்ரோல் பாய்ச்சப்படுவதால், எரியாத பெட்ரோலும் சிலிண்டர் சுவரில் வழிந்து ஆயிலோடு சேர்கிறது. என்ஜின் நன்றாகச் சூடேறி, ஆயில் 90 முதல் 100 டிகிரி வரையிலான வெப்பத்தில் கொஞ்ச நேரம் இருந்தால் இவை இரண்டும் ஆவியாகி வெளியேறிவிடும். டாஷ்போர்டில் உள்ள வெப்பமானி காட்டுவது குளிர்நீரின் வெப்பத்தை. அது ஐந்து பத்து நிமிடங்களில் நடுக்கோட்டுக்கு வந்துவிடும், ஆனால் ஆயில் அந்த நிலையை எட்ட அதைவிட நெடுநேரம் ஆகும். கியூர்பிப்பின் ஈரக் குளிரில் புறப்பட்டு ஐந்து கிலோமீட்டரில் நின்றுவிடும் காரில் ஆயில் ஒரு நாளும் முழுச் சூட்டுக்கு வருவதில்லை. அக்காவின் மூடியில் இருந்த பசை இப்படிச் சேர்ந்த நீரும் ஆயிலும் கலந்த குழம்புதான். அதைப் பார்த்தவுடன், குளிர்நீர் ஆயிலோடு கலக்காமல் தடுக்கும் ஹெட் கேஸ்கெட் போய்விட்டது என்று பதற வேண்டியதில்லை. குளிர்நீர் குறையாமலும் டிப்ஸ்டிக்கில் உள்ள ஆயில் பாலாக மாறாமலும் இருந்தால், ஆயிலை மாற்றிவிட்டு, வாரம் ஒருமுறை அரை மணி நேரத்துக்குக் குறையாமல் ஓட்டினால் அது மறைந்துவிடும். அக்காவுக்கும் அதையே சொன்னேன்.

எனவே கையேட்டில் சாதாரண ஓட்டத்துக்கான அட்டவணையோடு நிறுத்திவிடாமல், கடுமையான பயன்பாட்டுக்கென்று தனியாகத் தரப்பட்டிருக்கும் அட்டவணையையும் தேடிப் படியுங்கள். திரும்பத் திரும்பக் குறுகிய தூரம் ஓடுவது, நெரிசலில் நெடுநேரம் நின்று நின்று நகர்வது, மலைப்பாதை, புழுதி ஆகியவை அதில் இருக்கும். காலை ஏழரை மணிக்கு போர்ட் லூயிஸுக்குள் நுழையும் வரிசையில் நிற்கும் வண்டியும், அறுவடைக் காலத்தில் கரும்புத் தோட்டத்து மண்பாதையில் ஓடும் வண்டியும் இந்த வகையைச் சேர்ந்தவை. ஜப்பானின் உள்நாட்டுச் சந்தைக்கான கையேடுகளில், டர்போ இல்லாத பெட்ரோல் என்ஜினுக்கு 15,000 கிலோமீட்டர் அல்லது ஓராண்டு என்றும், கடுமையான பயன்பாட்டுக்கு அதில் பாதி என்றும் கொடுத்திருப்பதைக் காணலாம். சிறிய டர்போ என்ஜின் என்றால் கெடு இன்னும் சுருங்கும். நெரிசலில் நிற்கும் ஒரு மணி நேரத்தில் கிலோமீட்டர் கணக்கு ஏறுவதில்லை. ஆயிலோ அந்த ஒரு மணி நேரமும் உழைத்துக்கொண்டிருக்கிறது.

புது என்ஜினின் முதல் ஆயிலைப் பற்றி இரண்டு எதிரெதிர்த் தவறுகள் உலவுகின்றன. 500 கிலோமீட்டரிலேயே மாற்றாவிட்டால் உலோகத் துகள் என்ஜினைத் தின்றுவிடும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். அவர்கள் ஓட்டிய காலத்து வண்டிகளுக்கு அது சரியான அறிவுரைதான். இன்றைய கார் என்ஜின்களின் பாகங்கள் மிகத் துல்லியமாகக் கடையப்படுகின்றன, வடிகட்டிகளும் மேம்பட்டவை. சில நிறுவனங்கள் தொடக்க ஓட்டத்துக்கென்றே தனிச் சேர்மானங்கள் கலந்த ஆயிலை ஊற்றி அனுப்புவதால், அதைக் காலத்துக்கு முன் மாற்ற வேண்டாம் என்று கையேட்டிலேயே எழுதுகின்றன. மறுபக்கம், முதல் 1,000 கிலோமீட்டர் சோதனை இலவசம்தானே, போகாவிட்டால் என்ன என்று விட்டுவிடுகிறவர்களும் உண்டு. ஆயில் மாற்றப்படாவிட்டாலும், கசிவு இருக்கிறதா, அளவு குறைந்திருக்கிறதா என்று பார்க்கும் நாள் அது. அந்த முதல் ஆயிரத்தில் என்ஜினை முழு வேகத்துக்கு விரட்டாமலும், நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் வெகுதூரம் ஓட்டாமலும், வேகத்தை மாற்றி மாற்றி ஓட்டுவதால் கிடைக்கும் நன்மை, அவசரப்பட்டு ஆயில் மாற்றுவதில் கிடைக்காது.

இருசக்கர வண்டிகளின் கணக்கு வேறு. கியர் உள்ள பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் என்ஜினுக்கும் கியர்பெட்டிக்கும் கிளட்சுக்கும் ஒரே ஆயில்தான். கியர்கள் ஒன்றோடொன்று உரசிப் படியும்போது உதிரும் துகள் முழுவதும் அதில்தான் சேரும். ஆகவே கையேடு 500 அல்லது 1,000 கிலோமீட்டரில் முதல் மாற்றம் என்று சொன்னால் அதை ஒருபோதும் தள்ளிப்போடக் கூடாது. மிஞ்சியிருக்கும் கார் ஆயிலை மோட்டார் சைக்கிளுக்கு ஊற்றுவதும் தவறு. கார் ஆயிலில் உராய்வைக் குறைக்கச் சேர்க்கப்படும் பொருள்கள் கிளட்சை வழுக்கச் செய்யும். டப்பாவில் மோட்டார் சைக்கிள் ஆயிலுக்கான ஜப்பானியத் தரமான ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 என்ற தரக்குறி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

மாற்றும் நாளை நினைவில் வைத்திருப்பவர்கள்கூட இடையில் அளவைப் பார்ப்பதில்லை. புது என்ஜினில் பிஸ்டன் வளையங்கள் சுவரோடு படிந்து சேரும்வரை சிறிது ஆயில் எரிவது வழக்கம். எனவே முதல் சில மாதங்களில் 1,000 கிலோமீட்டருக்கு ஒருமுறையாவது டிப்ஸ்டிக்கை எடுத்துப் பார்க்க வேண்டும். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, என்ஜினை அணைத்து ஐந்து நிமிடம் விட்டு, குச்சியை உருவித் துடைத்து, மீண்டும் முழுவதும் செருகி எடுத்தால் ஆயில் எங்கே நிற்கிறது என்பது தெளிவாகத் தெரியும். கீழ்க்குறிக்கும் மேல்குறிக்கும் இடையிலான வித்தியாசம் பெரும்பாலான கார்களில் ஏறத்தாழ ஒரு லிட்டர். சிறிது கூடுதலாக ஊற்றினால் என்ஜினுக்கு நல்லது என்ற எண்ணம் எப்படிப் பரவியது என்று எனக்குப் புரியவில்லை. மேல்குறியை மிகவும் தாண்டினால் கிராங்க் தண்டு ஆயிலை அடித்து நுரையாக்கும், நுரை பேரிங்குகளுக்குப் போதிய அழுத்தத்தில் போய்ச் சேராது, சீல்கள் கசியத் தொடங்கும். குறுகிய தூரமே ஓடும் வண்டியில் ஆயில் அளவு ஊற்றியதைவிட ஏறியிருந்தால் பெட்ரோல் கலந்திருக்கிறது என்று பொருள். அதைக் கண்டு மகிழாமல் உடனே மாற்றுங்கள்.

அடுத்தது ஆயிலின் தரம். நமக்கு வெப்ப நாடு, ஆகையால் கெட்டியான ஆயில்தான் பொருந்தும் என்று சொல்லி, 0டபிள்யூ-20 கேட்கும் என்ஜினில் 20டபிள்யூ-50 ஊற்றும் கராஜ்களை நான் பார்த்திருக்கிறேன். டபிள்யூவுக்கு முன்னால் இருக்கும் எண் குளிரில் ஆயில் ஓடும் தன்மையையும், பின்னால் இருக்கும் எண் 100 டிகிரியில் அதன் பாகுத்தன்மையையும் குறிக்கின்றன. வெளியே கியூர்பிப் குளிரோ போர்ட் லூயிஸ் புழுக்கமோ எதுவாக இருந்தாலும், சூடேறிய என்ஜினின் வெப்பத்தைத் தெர்மோஸ்டாட் ஏறக்குறைய ஒரே நிலையில் வைத்திருக்கும். வால்வுகளின் நேரத்தை மாற்றும் நுண்கருவிகள் மெல்லிய துளைகள் வழியே வரும் ஆயிலின் அழுத்தத்தால்தான் இயங்குகின்றன. காலையில் முதன்முதலாக ஸ்டார்ட் செய்யும் கணத்தில் கெட்டியான ஆயில் மேலே ஏறிச் சேரத் தாமதமாகும், என்ஜின் தேய்மானத்தில் கணிசமான பங்கு அந்தக் கணத்தில்தான் நிகழ்கிறது. கையேடு ஒன்றுக்கு மேற்பட்ட தரங்களை அனுமதித்திருந்தால் அவற்றுக்குள் தேர்ந்தெடுங்கள், அதற்கு வெளியே போகாதீர்கள். நேரடியாக எரிபொருள் பாய்ச்சும் டர்போ பெட்ரோல் என்ஜினுக்கு, அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனம் (ஏபிஐ) 2020ஆம் ஆண்டு அறிமுகப்படுத்திய ஏபிஐ எஸ்பி தரம் உகந்தது. குறைந்த வேகத்தில் எரிபொருள் முன்கூட்டியே பற்றிக்கொண்டு பிஸ்டனை உடைக்கும் சிக்கலைத் தடுக்கும்படி அது வகுக்கப்பட்டது. புகைத்துகள் வடிகட்டி பொருத்திய டீசல் வண்டிக்குச் சாம்பல் குறைந்த ஆயில் தேவை, இல்லையேல் வடிகட்டி அடைத்துக்கொள்ளும்.

ஆயில் கருத்துவிட்டால் கெட்டுவிட்டது என்பதும் சரியான கணிப்பு கிடையாது. அழுக்கைத் தன்னுள் தாங்கிக்கொள்வது அதன் வேலை. டீசல் என்ஜினில் மாற்றிய சில நூறு கிலோமீட்டரிலேயே கருத்துவிடும்.

மொரிஷியஸில் ஆயில் மாற்றுவதை எல்லோரும் விதான்ஸ் என்றுதான் சொல்கிறோம். பிரெஞ்சில் அந்தச் சொல்லுக்கு வடித்துக் காலி செய்வது என்று பொருள். பல இடங்களில் வேலையும் அத்தோடு முடிந்துவிடுகிறது. பழைய ஃபில்டரை அப்படியே விட்டுவிட்டால், அது அடைத்துக்கொள்ளும்போது உள்ளிருக்கும் மாற்றுவழி வால்வு திறந்து, வடிகட்டாத ஆயில் நேராக என்ஜினுக்குள் போகும். ஒவ்வொரு முறையும் ஃபில்டரையும், வடிகால் போல்ட்டின் வாஷரையும் சேர்த்து மாற்றச் சொல்லுங்கள். அந்த போல்ட்டை அளவுக்கு மீறி முறுக்கினால் என்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் அலுமினியச் சம்ப்பின் மரை போய்விடும். வேலை முடிந்ததும் டாஷ்போர்டில் உள்ள ஆயில் நினைவூட்டியை மீட்டமைக்கிறார்களா என்று நின்று பாருங்கள். பெரும்பாலான வண்டிகளில் அது ஆயிலைச் சோதிப்பதில்லை, ஓட்டத்தை வைத்துக் கணக்கிடுகிறது; மீட்டமைக்க மறந்தால் அடுத்த கணக்கு முழுவதும் பிழையாகும். சிவப்பு நிற ஆயில் விளக்கு இதிலிருந்து வேறுபட்டது. அது அழுத்தம் போய்விட்டது என்று சொல்கிறது; அடுத்த கராஜ் வரை ஓட்டிவிடலாம் என்று எண்ணாமல் அந்த இடத்திலேயே அணைத்துவிட வேண்டும்.

2024 ஜனவரி 15 அன்று பெலால் புயலோடு வந்த வெள்ளம் போர்ட் லூயிஸ் தெருக்களில் கார்களைப் புரட்டிப்போட்டதை நாம் எல்லோரும் கண்டோம். அப்படி நீரில் மூழ்கிய வண்டியை, ஓடுகிறதா என்று பார்ப்பதற்காக ஒரு முறைகூட ஸ்டார்ட் செய்யக் கூடாது. சிலிண்டருக்குள் நீர் இருந்தால் பிஸ்டனை கிராங்க் தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். சம்ப்பில் நீர் இருந்தால் பம்ப் அதை பேரிங்குகளுக்கு அனுப்பிவிடும். கட்டி இழுத்துச் சென்று, ஆயிலை வடித்துப் பார்த்த பிறகே மேற்கொண்டு எதையும் செய்ய வேண்டும். நேற்று ஊற்றிய ஆயிலாக இருந்தாலும் அதை மாற்றத்தான் வேண்டும்.

உத்தரவாதக் காலத்தில் செய்யும் ஒவ்வொரு மாற்றத்துக்கும் தேதி, கிலோமீட்டர், ஆயிலின் தரக்குறி, ஃபில்டர் எண் ஆகிய நான்கும் இருக்கும் ரசீதைக் கேட்டு வாங்கி, சர்வீஸ் புத்தகத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். வெறும் 'சர்வீஸ்' என்று எழுதிய ரசீதைக் கொண்டு, சரியான ஆயில்தான் ஊற்றப்பட்டது என்பதை நாளை நீங்கள் நிறுவ முடியாது. வீட்டிலேயே மாற்றுகிறவர்கள் வடித்த ஆயிலைத் தெருவோர வாய்க்காலில் ஊற்ற வேண்டாம்; நம் வாய்க்கால்கள் ஆறுகளுக்கும், ஆறுகள் சில மணி நேரத்தில் பவளத்திட்டுக்கு உட்புறமுள்ள கடலுக்கும் போய்ச் சேர்கின்றன. புது ஆயில் வந்த டப்பாவிலேயே பழையதை ஊற்றி, இறுக மூடி, பழைய ஆயிலைத் திரும்பப் பெற்றுக்கொள்ளும் கராஜில் கொடுத்துவிடுங்கள்.