மழைக்காலத்தில் வீட்டில் ஒருவருக்கு ஃப்ளூ வந்தால் மற்றவர்களைக் காப்பது எப்படி?

தமிழ்நாட்டில் ஃப்ளூ காய்ச்சல் மிகுதியாகப் பரவுவது வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மாதங்களில்தான். மழையில் நனைந்ததால் காய்ச்சல் வந்துவிட்டது என்று சொல்வது நம் வழக்கம். ஆனால் காய்ச்சலைத் தருவது இன்ஃப்ளூயன்சா வைரஸ். சாரல் அடிக்கிறதென்று ஜன்னல்களைச் சாத்திவிட்டு எல்லோரும் ஒரே அறையில் இருக்கும்போது, இருமலிலும் தும்மலிலும் அது எளிதில் தொற்றிவிடுகிறது.

அறுபத்தைந்து வயதைக் கடந்தவர்கள், கர்ப்பிணிகள், சர்க்கரை நோய், ஆஸ்துமா, இதய நோய் உள்ளவர்கள் ஆகியோர் ஆண்டுதோறும் ஃப்ளூ தடுப்பூசி போட்டுக்கொள்வது நல்லது. ஊசி போட்டபின் எதிர்ப்பாற்றல் உருவாக ஏறத்தாழ இரண்டு வாரங்கள் ஆகும் என்பதால், மழை தொடங்குவதற்கு முன்பே, செப்டம்பரில் போட்டுக்கொள்ளலாம்.

வீட்டில் ஒருவர் படுத்துவிட்டால், மற்றவர்களைக் காக்கும் வேலையை அன்றைக்கே தொடங்க வேண்டும். அறிகுறி தெரிவதற்கு ஒரு நாள் முன்பிருந்தே தொற்று பரவத் தொடங்கி, அதன்பின் ஐந்து முதல் ஏழு நாட்கள் வரை நீடிக்கும். நோயாளியைக் காற்றோட்டமான தனி அறையில் படுக்க வையுங்கள். தனி அறை இல்லையென்றால், ஜன்னல் ஓரமாகப் படுக்க வைத்து, முகக்கவசம் அணியச் சொல்லுங்கள். பல வீடுகளில் கை கழுவும் இடத்தில் ஒரே துண்டு தொங்கும். சளி சிந்திய கையை அதில் துடைத்துவிட்டுப் பேரன் போக, அடுத்துப் பாட்டி அதிலேயே முகம் துடைப்பார். அந்தத் துண்டை முதலில் எடுத்துவிட்டு ஆளுக்கொன்று கொடுங்கள். டம்ளரும் தனியாக இருக்கட்டும். கைகளைச் சோப்புப் போட்டு 20 விநாடிகளாவது தேய்த்துக் கழுவ வேண்டும். தாத்தா பாட்டியோடு படுத்துறங்கும் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால், அந்தச் சில நாட்கள் வேறு இடத்தில் படுக்க வைப்பதை அன்புக் குறைவாக யாரும் எண்ண வேண்டாம்.

ஆவி பிடித்தால் மூக்கடைப்புச் சற்று இளகும். ஆனால் வைரஸ் சாகாது. கொதிநீர்ப் பாத்திரம் கவிழ்ந்து வெந்துபோகும் ஆபத்து இருப்பதால், குழந்தைகளுக்கு ஆவி பிடிக்கவே வேண்டாம். கஞ்சி, மிளகு ரசம், வெந்நீர் என்று அடிக்கடி ஏதாவது குடிக்கக் கொடுங்கள். இருமலுக்குத் தேன் இதம் தரும். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு மட்டும் அதைக் கொடுக்கக் கூடாது.

காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போதும். இதே மாதங்களில் டெங்குவும் பரவுவதால், அது இல்லையென்று உறுதியாகும் வரை ஆஸ்பிரின், இப்யூபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகளைத் தவிர்க்க வேண்டும். அவை ரத்தக்கசிவு அபாயத்தைக் கூட்டும். மருந்துக்கடையில் ஆன்டிபயாடிக் கேட்டு வாங்கி விழுங்குவதை நிறுத்துங்கள். அது பாக்டீரியாவுக்கான மருந்து, வைரஸை ஒன்றும் செய்யாது. ஃப்ளூவுக்கான ஓசெல்டமிவிர் மாத்திரை முதல் 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நன்கு பலன் தரும் என்பதால், முதியவர்களையும் கர்ப்பிணிகளையும் 'நாளைக்குப் பார்க்கலாம்' என்று தள்ளிப்போடாமல் அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, உதடு நீலம் பாரித்தல், பேச்சில் குழப்பம், குழந்தை எதையும் குடிக்க மறுத்தல் ஆகியவற்றில் எது தென்பட்டாலும் விடியும் வரை காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள். காய்ச்சல் விட்டு இரண்டொரு நாள் தெளிந்திருந்தவருக்கு மறுபடியும் காய்ச்சலும் இருமலும் கூடினால், அது நிமோனியாவாக இருக்கக்கூடும். அன்றே மருத்துவமனைக்குச் சென்று காட்ட வேண்டும்.