ஸ்கேனுக்கு முன் குழந்தையை எழுப்ப வேண்டாம்

கூடலூரிலிருந்து நடுவட்டம், பைக்காரா வழியாக ஊட்டிக்குச் சுமார் 50 கிலோமீட்டர். அத்தனை வளைவுகளையும் கடந்து வந்து கர்ப்பகால ஸ்கேனுக்குப் படுத்த பிறகு, "குழந்தை குப்புறக் கிடக்கிறது, முகம் தெரியவில்லை" என்று கேட்டால் யாருக்கும் மனம் சோர்ந்துவிடும். அதற்குப் பயந்து, குழந்தையை முன்கூட்டியே அசைய வைக்க வீட்டில் ஆளுக்கொரு வழி சொல்கிறார்கள். அவற்றில் பலவும் வீண், சில ஆபத்தானவை.

வளைவில் வாந்தி வருமென்று வெறும் வயிற்றோடு பஸ் ஏறுகிறார்கள். கர்ப்பகால ஸ்கேனுக்குப் பட்டினி தேவையில்லை. இரண்டு இட்லியாவது சாப்பிட்டுக் கிளம்புங்கள். குளிரில் தாகம் தெரியாது என்பதால் தண்ணீரையும் நினைவாகக் குடிக்க வேண்டும். சிறுநீர்ப்பை நிறைந்திருக்க வேண்டும் என்பது பெரும்பாலும் தொடக்க வாரங்களுக்கு மட்டுமே. அப்போதும் ஊட்டி வந்து சேர்ந்தபின் குடித்தால் போதும். வழி நெடுக அடக்கிக்கொண்டு வர வேண்டாம்.

பட்டினியை ஈடுகட்ட, இறங்கியதும் இனிப்பு ஜூஸும் வர்க்கியும் கடுந்தேநீரும் என்று அடுக்குவது இன்னொரு தவறு. கர்ப்பகாலச் சர்க்கரை நோய் உள்ளவருக்கு இது நேரடிக் கேடு. தேநீரிலும் காப்பியிலும் உள்ள காஃபீன் ஒரு நாளுக்கு 200 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது.

வயிற்றை அழுத்துவதும் குலுக்குவதும் அறவே கூடாது. குழந்தை ஒரு முறைக்கு 20 முதல் 40 நிமிடம்வரை தூங்கும். பிறகு தானே அசையும். தேவையானால் ஸ்கேன் எடுப்பவரே சற்று நடந்து வரச் சொல்வார், பக்கவாட்டில் திரும்பிப் படுக்கச் சொல்வார். இன்னொரு நாள் வரச் சொன்னாலும் அது தாயின் குற்றமில்லை. அதைச் சொல்லி அவளைக் கடிந்துகொள்ளும் குடும்பத்தார் தயவுசெய்து நிறுத்த வேண்டும். 18 முதல் 20 வாரத்தில் எடுக்கும் ஸ்கேனின்போது, முதல் பிரசவக்காரர் பலருக்கு அசைவே தெரியாது. நஞ்சுக்கொடி வயிற்றின் முன்பக்கம் ஒட்டியிருந்தாலும் அப்படித்தான்.

நான் அஞ்சுவது வேறொன்றுக்கு. 28 வாரத்துக்குப் பிறகு வழக்கமான அசைவு குறைந்தாலும், "அடுத்த வாரம்தான் ஸ்கேன் இருக்கிறதே" என்று காத்திருக்கிறார்கள். மாதம் நிறைந்தால் அசைவு குறையும் என்று பெரியவர்கள் சொல்வது சரியல்ல. உதைக்கும் விதம் மாறலாம். அசைவு குறையக் கூடாது. இனிப்பு கொடுத்துப் பார்ப்பதும், வீட்டுக் கருவியில் இதயத்துடிப்பைக் கேட்டு ஆறுதல் அடைவதும் பொன்னான நேரத்தைத் தின்றுவிடும். துடிப்பு கேட்பதால் மட்டும் குழந்தை நலமாக இருப்பதாகப் பொருளில்லை. அசைவு குறைந்தால், பிரசவம் பார்க்கும் மருத்துவமனைக்கு உடனே போக வேண்டும்.

இரவானாலும் காலைப் பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டாம். யானை நடமாடும் சாலையில் இருசக்கர வாகனத்தில் புறப்படவும் வேண்டாம். 108-ஐ அழைத்து, எத்தனை வாரம், கடைசியாக அசைவு தெரிந்தது எப்போது, உதிரப்போக்கோ நீர்க்கசிவோ உண்டா என்பதைச் சொல்லுங்கள். தோட்டத்து லைன் வீடென்றால் எஸ்டேட் பெயரையும் டிவிஷனையும் சேர்த்துச் சொல்லி, வண்டி திரும்ப வேண்டிய இடத்தில் ஒருவரை டார்ச்சோடு நிற்க வையுங்கள்.