ராடு கட்டும்போது நூலின் நிறத்தைக் காப்பாற்ற: கலர் பிரிசர்வர் பூசும் முறை

நான் முதன்முதலாகத் தூண்டில் ராடு கட்டியபோது ஆசைப்பட்டு வாங்கியது மஞ்சள் நூல். கறுப்பு கிராஃபைட் பிளாங்க் (ராடின் வெறும் தண்டு), அதன்மேல் பளிச்சென்ற மஞ்சள் கட்டுகள். மூன்று சாயங்காலம் உட்கார்ந்து, தூண்டில் நரம்பு ஓடும் வளையங்களான கைடுகள் எல்லாவற்றையும் நூலால் சுற்றிக் கட்டி முடித்தேன். கட்டுகளின்மேல் பூசி இறுகவிடும் பிசினான எபாக்ஸியைத் தொட்ட பிரஷை முதல் கட்டின்மேல் வைத்தேன். அந்த மஞ்சள் என் கண்ணெதிரிலேயே உள்வாங்கி, குளத்துப் பாசி நிறத்துக்கு மாறிவிட்டது. நூலுக்கு அடியில் கைடின் கால் (பிளாங்கோடு சேர்த்துக் கட்டும் அதன் உலோகப் பகுதி) எங்கே முடிகிறது என்பதுகூடத் தெரிந்தது.

வெள்ளை வேட்டி நனைந்தால் உடம்போடு ஒட்டி உள்ளே இருப்பதைக் காட்டுமே, அதே கதைதான் இங்கேயும். ராடு கட்டும் நைலான் நூல் பல நுண்ணிய இழைகளால் ஆனது. இழைகளுக்கு இடையே காற்று இருக்கும்வரை ஒளி சிதறி நம் கண்ணுக்குத் திரும்பி வரும். நூல் கெட்டியான நிறத்தோடு தெரியும். எபாக்ஸி அந்த இடைவெளிகளை நிரப்பியதும், நைலானும் எபாக்ஸியும் ஒளியை ஏறக்குறைய ஒரே அளவில் வளைப்பதால் சிதறல் குறைந்து, நூல் கண்ணாடிபோல் ஆகிவிடுகிறது. அடியில் இருக்கும் கறுப்பு மேலே வந்துவிடும். வெள்ளை, மஞ்சள், வெளிர் நீலம் போன்ற நிறங்களுக்குத்தான் பாதிப்பு அதிகம். எபாக்ஸி போவதற்கு முன்பே நூலுக்குள் புகுந்து காய்ந்து, இழைகளை அடைத்துவிடும் திரவம்தான் கலர் பிரிசர்வர். சுருக்கமாக சிபி என்பார்கள்.

உங்களுக்கு இது தேவையா?

எல்லா நூலுக்கும் தேவையில்லை. நூல் உருளையின் லேபிளில் என்சிபி (NCP) என்று இருந்தால் அது தயாரிப்பிலேயே நிறம் மாறாதபடி பக்குவப்படுத்தப்பட்ட நூல். நேராக எபாக்ஸி போடலாம். ஜரிகைபோல் மின்னும் மெட்டாலிக் நூலும் எபாக்ஸியைக் குடிக்காது. சாதாரண நைலான் நூலுக்கும் பட்டு நூலுக்கும்தான் இந்த வேலை. அதிலும், மூங்கில் ராடு கட்டுகிறவர்களில் பலர் பட்டு நூல் வார்னிஷில் ஊறி ஒளி ஊடுருவும் அழகுக்காகவே சிபி பூசாமல் விடுகிறார்கள்.

தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: பூசினால் முழுசாகப் பூசுங்கள், இல்லையென்றால் பூசவே வேண்டாம். சிபி போடாத கட்டு ஒரே சீராகக் கறுக்கும். அதற்கும் ஒரு லட்சணம் உண்டு. அரைகுறையாகப் போட்ட கட்டோ தேமல் விழுந்ததுபோல் திட்டுத்திட்டாக நிற்கும். அதை மறைக்க வழியே இல்லை.

எனவே முதலில் ஒரு ஒத்திகை. உடைந்த பழைய ராடின் துண்டு ஒன்றை எடுத்து, அதே நூலால் மூன்று அங்குலம் சுற்றுங்கள். பாதிக்கு சிபி, பாதிக்கு ஒன்றும் வேண்டாம். காய்ந்த பிறகு முழுவதற்கும் எபாக்ஸி போட்டு, வெயிலில் கொண்டுபோய்ப் பாருங்கள். எந்தப் பாதி பிடிக்கிறதோ அதுவே உங்கள் முடிவு.

பூசுவதற்கு முன்

சிபி காய்ந்ததும் நூல் விறைத்துவிடும். அதன்பின் கைடை அசைக்க முடியாது. அதனால் ராடைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து, எல்லா வளையங்களும் ஒரே கோட்டில் இருக்கின்றனவா என்று இப்போதே சரிபாருங்கள். நூல் வரிசைகளுக்கு நடுவே பிளாங்க் தெரிந்தால், ஸ்பூனின் முதுகால் மெல்லத் தேய்த்து நெருக்குங்கள். பிசிறுகளைத் தீயில் காட்டி எடுக்க வேண்டும். மெழுகுவத்தி வேண்டாம், கரி படியும். ஸ்பிரிட் விளக்குச் சுடருக்கு மேலே ராடைச் சுழற்றியபடி ஒரு நொடி காட்டி எடுத்தால் போதும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொள்ளுங்கள். விரலின் எண்ணெய்ப்பசை பட்ட இடத்தில் சிபி இறங்காது.

பூசும் முறை

தண்ணீரில் கரையும் அக்ரிலிக் வகை, கரைப்பான் சார்ந்த லாக்கர் வகை என்று சிபி இரண்டு விதம். இரண்டாவது நெடி அடிக்கும், ஜன்னலைத் திறந்து வைக்க வேண்டும். தொடங்குகிறவர்களுக்கு முதல் வகையே சௌகரியம். பிரஷைத் தண்ணீரிலேயே கழுவிவிடலாம். ட்ரான்டாக் நிறுவனத்தின் யு-40 சிபி இந்த வேலைக்குப் பெயர்பெற்றது.

பாட்டிலைக் குலுக்காதீர்கள், நுரை வரும். இரண்டு உள்ளங்கைக்கு நடுவே வைத்து உருட்டினால் கலந்துவிடும். தேவையானதை ஒரு மூடியில் ஊற்றிக்கொண்டு, பாட்டிலை மூடி வையுங்கள்.

மிருதுவான சின்னப் பிரஷில் தாராளமாகத் தொட்டு, கட்டின் நடுவில் வையுங்கள். தேய்க்க வேண்டாம். துளி நூலில் பட்டதும் ஒரு கணம் முத்தாக நிற்கும்; பிறகு நூல் வரிசைகளின் ஊடே இரண்டு பக்கமும் ஊர்ந்து, போகிற வழியெல்லாம் நூலைக் கொஞ்சம் கருமையாக்கிக்கொண்டே போகும். அது ஓரம்வரை போய்ச் சேரட்டும். ராடைக் கையால் மெல்லத் திருப்பி, ஊறாத இடத்தில் மறுபடி ஒரு துளி. நூல் இனிக் குடிக்காது என்று தோன்றும்வரை கொடுங்கள். இந்த இடத்தில் சிக்கனம் பார்ப்பதால்தான் பெரும்பாலான கட்டுகளில் திட்டு விழுகிறது.

அதிகம் தவறிப்போகும் இடம் கைடின் கால். காலின் இரு பக்கமும் நூல் பிளாங்கைத் தொடாமல் ஒரு சிறு கூடாரம்போல் எழும்பி நிற்கும். அங்கே நூலின் அடிப்பக்கம் காற்றில் இருக்கிறது. மேலே மட்டும் பூசினால், பின்னால் எபாக்ஸி அந்த இடுக்கு வழியாக அடியில் புகுந்து நூலைக் கீழிருந்து ஊறவைத்துவிடும். கால் ஓரமாக ஒரு கறுப்புக் கோடு தெரிந்தால் காரணம் இதுதான். பிரஷ் நுனியால் இடுக்கின் வாயில் துளியை வைத்து உள்ளே இறங்க விடுங்கள். ஆனால் இடுக்கை சிபியால் அடைத்துவிடக் கூடாது. கைடைப் பிடித்து நிறுத்த வேண்டியது எபாக்ஸி. அது போக வழி வேண்டும்.

இரண்டு மூன்று நிமிடம் கழித்து, உலர்ந்த பிரஷாலோ நார் உதிராத துணியின் முனையாலோ உபரியை ஒற்றி எடுங்கள். மோர் சிந்தினதுபோல் வெள்ளையாக எங்கும் தேங்கி நிற்கக் கூடாது. பிளாங்கில் வழிந்ததையும் அப்போதே ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள்.

வெளிர் நிறம் என்றால் மூன்று பூச்சு, மற்றவற்றுக்கு இரண்டு. ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒன்றிரண்டு மணி நேரம் விடுங்கள். பாட்டிலில் வேறு நேரம் போட்டிருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

காயவிடுதல்

கடைசிப் பூச்சுக்குப் பிறகு குறைந்தது 24 மணி நேரம். மழைக்காலத்திலும், புழுக்கமான கடலோர ஊர்களிலும் நான் இரண்டு முழு நாள் விடுவேன். தொட்டால் காய்ந்ததுபோல் இருக்கும், ஆனால் உள்ளே ஈரம் நிற்கும். அதன்மேல் எபாக்ஸி போட்டால் பூச்சு புகைபோல் மங்கும், குமிழியும் கிளம்பும். வெயிலிலோ ஹேர் டிரையரிலோ காட்டி அவசரப்படுத்த வேண்டாம். மேல்தோல் மட்டும் இறுகி ஈரம் அடியில் மாட்டிக்கொள்ளும்.

நன்றாகக் காய்ந்த கட்டு பளபளப்பில்லாமல், ஒரே நிறத்தில், தொட்டால் சற்று விறைப்பாக இருக்கும். மேஜை விளக்கைப் பக்கவாட்டில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பாருங்கள். எங்காவது நூல் இழை பஞ்சுபோல் தெரிந்தால் அந்த இடம் இன்னும் அடைபடவில்லை. இன்னொரு பூச்சு போட்டு, மறுபடி ஒரு நாள் காத்திருங்கள். எபாக்ஸி போய்விட்டால் இந்த வாய்ப்பு கிடையாது.

எபாக்ஸி

பெரும்பாலான ராடு எபாக்ஸிகளில் இரண்டு பாகமும் சம அளவு. கண்திட்டம் வேண்டாம், தனித்தனி சிரிஞ்சால் அளந்து கலந்து, ராடைச் சுழற்றும் மோட்டாரில் வைத்துப் பூசுங்கள். சிபி போட்ட கட்டில் ஒரு விஷயம் முக்கியம்: எபாக்ஸி நூலுக்குள் ஊடுருவிப் பிளாங்கைப் பிடிக்க முடியாது. அதனால் கட்டின் இரு ஓரத்தையும் தாண்டி ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் பிளாங்கின்மேல் கொண்டுபோய் முடியுங்கள். இடுக்கின் வாயையும் எபாக்ஸியால் நிரப்புங்கள். திறந்திருந்தால் தண்ணீர் புகுந்து கைடின் கால் துருப்பிடிக்கும்.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு கட்டில் திட்டு விழுந்தால், அதை மட்டும் பிரித்துத் திரும்பக் கட்டலாம். பிளேடை எப்போதும் கைடு காலின் உலோகத்துக்கு நேர் மேலே வைத்துச் சீவுங்கள். பிளாங்கின்மேல் வைக்கக் கூடாது. கிராஃபைட்டில் ஒரு சின்னக் கீறல் விழுந்தாலும் மீன் இழுக்கும்போது ராடு அந்த இடத்தில்தான் உடையும். காலின்மேல் நூல் அறுபட்டதும் நகத்தால் நெம்பினால், பழைய கட்டு பட்டையாக உரிந்து வரும்.