வளைகாப்பு முடிஞ்சு அம்மா வீட்டுக்கு போற பொண்ணுங்க விஷயத்துல நடக்குற தப்புங்க

நம்ம சேலம் பக்கம் வளைகாப்பு போட்டு பொண்ண அம்மா வீட்டுக்கு அனுப்புறப்ப வளையலு, புடவை, கலந்த சாதம்னு எல்லாம் வண்டில ஏறிடும், ஆனா செக்கப் அட்டை, ஸ்கேன் ரிப்போர்ட்டு, ரத்த குரூப் சீட்டு மட்டும் மாமியார் வீட்டு பீரோலயே கிடக்கும். ராத்திரி வலி எடுத்து ஜிஹெச்ல போய் நின்னா பிபி எப்படி இருந்துச்சு, சுகர் இருந்துச்சான்னு டூட்டி டாக்டர் கேக்குறதுக்கு யாருக்கும் பதில் தெரியாது. ஃபைலு பொண்ணு கூடவே போகணும்ங்க. போன கையோட அந்த ஊர் நர்ஸம்மாகிட்ட பழைய பிக்மி நம்பர (கர்ப்பத்த பதிவு பண்ணப்ப குடுத்த நம்பர்) சொல்லிருங்க, கர்ப்பிணிகளுக்கு அரசு குடுக்குற முத்துலட்சுமி ரெட்டி திட்டத்து உதவிக்கும் குழந்தை பிறப்பு சான்றிதழுக்கும் அத தான் கேப்பாங்க.

அம்மா வீடு ஏற்காடு மேல, நாகலூர் பக்கமோ வெள்ளக்கடை பக்கமோன்னா இன்னும் உஷாரா இருக்கணும். "வலி வந்தா 108 இருக்குல்ல"ன்னு அசால்ட்டா சொல்றாங்க, இருக்கு தான், ஆனா பனி இறங்குன ராத்திரில 20 கொண்டை ஊசி வளைவு எறங்கி சேலம் சேர எவ்ளோ நேரம் ஆகும்னு மலைல இருக்கறவங்களுக்கு நான் சொல்லணுமா? மொத பிரசவம் சிசேரியன், பிபி, ரெட்டை குழந்தை, ரத்தம் கம்மி, இதுல ஒண்ணு இருந்தாலும் டாக்டர்கிட்ட கேட்டு தேதிக்கு முன்னாடியே கீழ வந்து தங்கிருங்க. பனிக்குடம் உடைஞ்சா வலி வரட்டும்னு உக்காந்திருக்காம உடனே கெளம்புங்க.

விடாத தலைவலி, கண்ணு மங்கலு, மூஞ்சி வீக்கம் வந்தா பிபி ஏறிருக்கலாம், விட்டா ஃபிட்ஸ் வரைக்கும் போகும். திருஷ்டி சுத்துங்க வேணாங்கல, வண்டிய கூப்ட்டுட்டு சுத்துங்க. ஒன்பதாம் மாசத்துல உள்ள இடம் பத்தாது அதான் அசைவு கம்மின்னு பெரியவங்க சொல்வாங்க, அது தப்பு, அசைவு கொறஞ்சா அன்னைக்கே காட்டணும்.

இரும்புச்சத்து மாத்திரைய காபியோட முழுங்குறது இன்னொன்னு. எஸ்டேட் ஊர்ல காபி இல்லாம முடியாது தான், ஆனா காபி டீ ரெண்டுமே இரும்பு உடம்புல சேர விடாது, அதனால ஒரு மணி நேரமாவது தள்ளி குடிங்க, கால்சியம் மாத்திரையையும் வேற வேளைக்கு வச்சுக்கங்க. மலம் கருப்பா போகுதுன்னு பயந்து நிறுத்தாதீங்க, அது மாத்திரையால தான்.

குழந்தை பொறந்ததும் சேனை வைக்க தேன், சர்க்கரைத்தண்ணின்னு ஆளாளுக்கு விரல நீட்டுவாங்க. தேன் ஒரு வயசு வரைக்கும் கூடவே கூடாது. மொத ஒரு மணி நேரத்துக்குள்ள தாய்ப்பால், அந்த மஞ்ச சீம்பால பீச்சி கீழ ஊத்தாம குடுக்கணும், அப்புறம் ஆறு மாசம் சேலம் வெயில்லயும் தண்ணி வேண்டியதில்ல. தொப்புள்ல மஞ்சள், பவுடர் எதுவும் வேணாம். தாய்க்கு பத்தியம்னு தண்ணிய கொறைக்காதீங்க, பால் குடுக்குற உடம்பு.

பேடு ஒரு மணி நேரத்துக்குள்ள முழுசா நனைஞ்சா "அழுக்கு ரத்தம், போகட்டும்"னு விடாதீங்க, உடனே ஆஸ்பத்திரி. குழந்தைக்கு மொத நாளே மஞ்சள் தட்டுனாலும் அதே தான், வெயில்ல காட்டி பாத்துட்டு இருக்க வேணாம்.