பெரிய டயர் போட்ட தாரில் மைலேஜ் எங்கே போகிறது?

"டயர் மாற்றியதிலிருந்து வண்டி லிட்டருக்குப் பத்து கிலோமீட்டருக்கு மேல் தரவில்லை." மஹிந்திரா தார் ஜீப் வைத்திருக்கும் நண்பர்களிடம் இதை அடிக்கடி கேட்கிறேன். உடனே இன்ஜெக்டரைக் கழுவு, ஏர் ஃபில்டரை மாற்று என்று செலவு தொடங்கிவிடுகிறது. முதலில் பார்க்க வேண்டியது வேறு: வண்டி உண்மையில் எத்தனை கிலோமீட்டர் ஓடியது?

ஓடோமீட்டர் சாலையை அளப்பதில்லை. சக்கரம் சுற்றிய சுற்றுகளை எண்ணி, கம்பெனி டயரின் சுற்றளவை வைத்துக் கணக்குப் போடுகிறது. 2020-இல் வந்த தாரின் 18 அங்குல வீலில் இருப்பது 255/65 ஆர்18 அளவு டயர். விட்டம் சுமார் 789 மில்லிமீட்டர். பலரும் ஆசைப்பட்டு மாட்டும் 285/70 ஆர்17 சுமார் 831. ஐந்து சதவீதத்துக்கு மேல் பெரியது. மீட்டர் 450 காட்டும்போது வண்டி 474 கிலோமீட்டர் ஓடியிருக்கும். அதற்கு 45 லிட்டர் டீசல் போயிருந்தால் உண்மையான மைலேஜ் 10 அல்ல, பத்தரை. திரையில் வரும் சராசரியும் அதே சுற்றுக் கணக்கில்தான் வருகிறது, அதையும் நம்ப முடியாது.

நாற்கரச் சாலையில் ஐம்பது கிலோமீட்டர் ஓட்டி, செல்போன் ஜிபிஎஸ் காட்டும் தூரத்தையும் மீட்டரையும் ஒப்பிடுங்கள். அந்த விகிதத்தை வண்டியிலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். டீசலை எப்போதும் ஒரே பெட்ரோல் பங்கில், குழாய் தானாக நிற்கும் (ஆட்டோ கட்) வரை மட்டும் நிரப்புங்கள். "ரவுண்டா போட்டுடவா சார்?" என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அந்தக் கூடுதல் டீசல் கணக்கைக் கெடுக்கும்.

சரி, இப்படித் திருத்திய பிறகும் மைலேஜ் முன்பைவிடக் குறைவாகத்தான் இருக்கும். டயரின் எடை கூடிவிட்டது, அதுவும் சுற்றும் எடை. ஒவ்வொரு சிக்னலிலும் அதை நிறுத்தித் திரும்பச் சுழற்ற வேண்டும். சேற்றுக்கான மட் டயராக இருந்தால் அதன் மேற்பரப்பில் உள்ள பெரிய ரப்பர் கட்டைகள் தார்ச்சாலையில் நெளிந்து நெளிந்தே சக்தியைத் தின்றுவிடும். வாரத்தில் ஆறு நாள் சென்னை ஜிஎஸ்டி சாலையில் போகும் வண்டிக்கு, சாலைக்கும் மண்ணுக்கும் பொதுவான ஆல் டெரெய்ன் டயர் தாராளமாகப் போதும். பார்க்க முரட்டுத்தனமாக இருக்கிறது என்பதற்காக மட் டயர் வாங்காதீர்கள். பெரிய டயரால் ஒவ்வொரு கியரும் கொஞ்சம் நீண்டுவிடுகிறது என்பதும் நினைவிருக்கட்டும். முன்பு ஆறாவது கியரில் சுகமாகப் போன வேகத்தில் இப்போது இன்ஜின் முக்கினால், ஐந்துக்கு வந்துவிடுங்கள்.

காற்று விஷயத்தில் நானே ஏமாந்திருக்கிறேன். மணலில் ஓட்ட 18 பிஎஸ்ஐக்கு இறக்கியிருந்தேன். திரும்பும் வழியில் ஒரு பஞ்சர் கடையில் காற்று பிடித்தோம். கடைக்காரர் டயரை ஒரு உதை உதைத்து, "போதும் சார்" என்றார். பார்க்கவும் நிறைந்துதான் இருந்தது. மறுநாள் காலை வண்டியை எடுக்கும் முன் காற்றழுத்தம் அளக்கும் கேஜ் வைத்துப் பார்த்தால் வெறும் 22. தடித்த பக்கச் சுவர் உள்ள டயர்கள் காற்று குறைந்தாலும் சப்பையாகத் தெரியாது. அதனால் கண்ணை நம்பாமல் சொந்தமாக ஒரு கேஜ் வாங்கி, டயர் ஆறியிருக்கும்போது பாருங்கள். கதவோரம் ஒட்டியிருக்கும் அளவு கம்பெனி டயருக்கானது. புது டயருக்கு, மேற்பரப்பின் குறுக்கே சாக்பீஸால் ஒரு கோடு போட்டுக் கொஞ்ச தூரம் நேராக ஓட்டுங்கள். நடுவில் மட்டும் அழிந்தால் காற்று அதிகம். ஓரங்களில் மட்டும் அழிந்தால் குறைவு. டயரில் அச்சிட்டிருக்கும் உச்ச அளவை மட்டும் தாண்டாதீர்கள்.

வண்டியின் உயரத்தைக் கூட்டும் லிஃப்ட் கிட் போட்டவுடன் வீல் அலைன்மென்ட் பார்க்காமல் விடுவது இன்னொரு பெரிய தவறு. சக்கரங்கள் லேசாக உள்நோக்கியோ வெளிநோக்கியோ நின்றால்கூட டயர் சாலையைத் தேய்த்துக்கொண்டே ஓடும். டீசலும் போகும், டயரும் போகும்.

அப்புறம் ரூஃப் ரேக். காலி ஜெர்ரி கேன், ஏணி, கூடாரம் எல்லாம் பயணம் முடிந்து மாதக்கணக்கில் மேலேயே இருக்கும். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு (வேகம் × வேகம்) ஏற்ப ஏறுகிறது. 80-இல் போவதைவிட 100-இல் அது 56 சதவீதம் அதிகம். தார் ஏற்கெனவே பெட்டி போன்ற வண்டி, அதன் தலையில் இன்னொரு பெட்டி வேண்டாம். இரும்பு பம்பர், சிக்கிய வண்டியை இழுக்கும் வின்ச் எல்லாம் நிரந்தரச் சுமை. வண்டியின் முன்னால் மாட்டும் இரும்புத் தடுப்பான புல்பார் மீது நடவடிக்கை எடுக்கும்படி மத்திய போக்குவரத்து அமைச்சகம் 2017-லேயே மாநிலங்களிடம் சொல்லிவிட்டது. எந்தப் பெரிய மாற்றத்துக்கும் முன்னால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு என்ன சொல்கிறது என்று பார்த்துவிடுங்கள்.

மழை பெய்ததும் நான்கு சக்கரங்களுக்கும் சக்தி தரும் 4எச் போட்டுவிட்டு, சாலை காய்ந்த பிறகும் அப்படியே ஓட்டாதீர்கள். முன் அச்சும் பின் அச்சும் பூட்டிக்கொண்டிருக்கும். திருப்பத்தில் ஸ்டீயரிங் இறுகும். எரிபொருள் நட்டம் அதில் சின்ன விஷயம்தான், சக்தியை இரண்டு அச்சுகளுக்கும் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்கு வரும் செலவுதான் பெரிது. இன்ஜினுக்குக் காற்றை உயரத்திலிருந்து எடுக்கும் ஸ்நார்கல் குழாயைப் போட்டால் மைலேஜ் கூடும் என்று சொல்பவரிடம் பணம் கொடுக்காதீர்கள். தண்ணீரும் தூசியும் உள்ளே போகாமல் காக்கத்தான் அது.

ஒரே ஒரு டேங்க்கை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளை ஏறி முடித்ததும் திரையில் வரும் எண்ணைப் பார்த்துப் பதற வேண்டாம். இறங்கி, வீடு வந்து, அதே பங்கில் நிரப்பிய பிறகு கணக்குப் போடுங்கள். மெதுவாக, அதிக இழுவையோடு போக உதவும் லோ ரேஞ்சில் பாறைமேல் ஊர்ந்த நாளுக்குக் கிலோமீட்டர் கணக்கு உதவாது. அங்கே மணிக்கு எத்தனை லிட்டர் போனது என்று குறித்து வையுங்கள், அடுத்த முறை எவ்வளவு டீசல் எடுத்துப் போக வேண்டும் என்பது அதில் தெரிந்துவிடும்.