லோவர் செய்த காருக்கு ஜாக்கி: வாங்கும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னை ஜி.பி. ரோட்டிலோ பாரிமுனையிலோ கடைக்குப் போய் லோ புரொஃபைல் ஜாக்கி, அதாவது தாழ்வான ஜாக்கி கேட்டால், பெட்டியின் மேல் பெரிதாகத் தெரிவது டன் கணக்கு. அதன் கீழே சின்ன எழுத்தில் குறைந்தபட்ச உயரம், அதிகபட்ச உயரம். காரை லோவர் செய்தவர்கள், அதாவது ஸ்பிரிங் மாற்றிக் காரின் உயரத்தைக் குறைத்தவர்கள், அந்தக் குறைந்தபட்ச உயரத்தை மட்டும் பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுத்துவிடுகிறார்கள். சக்கரம் வைத்த சாதாரண டிராலி ஜாக்கி 130, 140 மில்லிமீட்டரில் ஆரம்பிக்கும். லோ புரொஃபைல் என்றால் 75 முதல் 90 வரை. காரின் ஓரம் தரையிலிருந்து 140 மில்லிமீட்டர் இருக்கிறது, 85 தாராளமாக நுழையும் என்று மனசு சொல்லும். பஞ்சரான அன்றைக்குத்தான் அது நுழையாது.

ஏனென்றால் அளந்தது நான்கு டயரிலும் காற்று இருந்தபோது. 185/65 அளவு டயரின் பக்கச்சுவர் 120 மில்லிமீட்டர் உயரம். காற்று முழுக்க இறங்கி ரிம் ரப்பர் மேல் உட்கார்ந்தால் அதில் பாதி போய்விடும். அந்த மூலை ஐந்தாறு சென்டிமீட்டர் இறங்கியதும் 140 என்பது 80 ஆகிவிடும். பெரிய அலாய் போட்டு 205/45 டயருக்கு மாறியிருந்தால் பக்கச்சுவரே 92 மில்லிமீட்டர்தான், இறக்கம் சற்றுக் குறையும். எந்த டயராக இருந்தாலும் சரி, பஞ்சரான நிலையைக் கணக்கில் வைத்துத்தான் ஜாக்கியின் உயரத்தை முடிவு செய்ய வேண்டும்.

அந்த 85லும் ஒளிந்திருக்கும் சில மில்லிமீட்டர்கள் உண்டு. காரின் ஓரத்தில் தகடு மடிந்து கீழே நீட்டிக்கொண்டிருக்கும் விளிம்பு நசுங்காமல் இருக்க, நடுவில் பள்ளம் வெட்டிய ரப்பர் கட்டையை ஜாக்கியின் தலையில் வைக்கிறோம். அப்படி ஒரு கட்டை வைத்தாலே பல சமயம் உயரம் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் ஏறும். பெட்டியில் போட்ட உயரம் பெரும்பாலும் கட்டை இல்லாமல் அளந்தது. தரை மென்மையாக இருந்தால் கீழே பிளைவுட் போடுவோம், அது இன்னொரு 12 மில்லிமீட்டர். 85 என்று வாங்கியது 110ஐத் தொட்டுவிடும். கடைக்குப் போகும்போதே ரப்பர் கட்டையையும் டேப்பையும் கொண்டுபோய், கட்டையை வைத்து அளந்து பார்ப்பது நல்லது. கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

தலை நுழைந்தால் போதும் என்று நினைப்பது அடுத்த தவறு, இதில்தான் அதிகம் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். ஜாக்கியின் முன்பகுதி மட்டும்தான் தாழ்வாக இருக்கும். பின்னால் ஹைட்ராலிக் பகுதி இருக்கும் இடம் நன்றாக உயர்ந்துவிடும். காரின் ஓரத்தில் வைத்துத் தூக்கினால் இது தெரியாது, ஏனென்றால் அங்கே ஒரு சாண் உள்ளே போனால் போதும். ஆனால் ஆயில் மாற்ற, பிரேக் பேட் மாற்ற, ஸ்பிரிங் மாற்ற என்று முன்பக்கம் முழுவதையும் ஜாக் ஸ்டாண்டில் (தூக்கிய காரைத் தாங்கும் இரும்புத் தாங்கி) நிறுத்த வேண்டும் என்றால் கதை வேறு. ஓரத்தில் ஜாக்கி நிற்கும் அதே இடத்தில்தான் ஸ்டாண்டும் நிற்க வேண்டும். இரண்டும் ஒரே இடத்தில் எப்படி நிற்கும்? அதனால் ஜாக்கியை முன் பம்பர் வழியாக உள்ளே விட்டு, நடுவில் குறுக்காக இருக்கும் கிராஸ்மெம்பர் என்ற இரும்புச் சட்டத்தில் வைத்துத் தூக்கி, இரண்டு ஓரங்களிலும் ஸ்டாண்டு வைப்பார்கள். லோவர் செய்து, பம்பரின் கீழே லிப் என்ற பட்டையும் மாட்டிய காரில் பம்பரிலிருந்து அந்தக் கிராஸ்மெம்பர் வரை முக்கால் மீட்டர்கூட இருக்கலாம். தாழ்வான பகுதி அரை மீட்டர்தான் என்றால் ஜாக்கியின் முதுகு பம்பரில் இடிக்கும். இடிக்காவிட்டாலும் கைப்பிடியை அழுத்த இடம் இருக்காது.

ஆகவே அளக்க வேண்டியது மூன்று: ஓரத்தின் உயரம், பம்பரின் கீழ் விளிம்பின் உயரம், அந்த விளிம்பிலிருந்து தூக்கும் இடம் வரை உள்ள தூரம். கடையில் ஜாக்கியின் தாழ்வான பகுதி எவ்வளவு நீளம் என்று டேப் வைத்துப் பாருங்கள், அது பெட்டியில் பெரும்பாலும் போட்டிருக்காது. எந்த ஜாக்கியும் எட்டவில்லை என்றால், ஐந்து சென்டிமீட்டர் தடிமனுள்ள இரண்டு அகலமான மரப்பலகைகளை முன் சக்கரங்களுக்கு முன் போட்டு, காரை மெதுவாக அதன் மேல் ஏற்றி நிறுத்தலாம். அதற்குப் பிறகு நடுத்தர ஜாக்கியே போதுமானதாகிவிடும்.

எந்த இடத்தில் தூக்கலாம் என்பதைக் காரின் கையேட்டில்தான் பார்க்க வேண்டும். இன்ஜின் ஆயில் தேங்கும் தொட்டியான ஆயில் சம்பில் வைக்கவே கூடாது. இரண்டு பின் சக்கரங்களையும் இணைக்கும் பீமின் நடுவில் வைப்பதும் கையேடு அனுமதித்தால் மட்டும்.

மேல் உயரத்தைப் பார்க்காமல் வாங்குவதும் அடிக்கடி நடக்கிறது. சில லோ புரொஃபைல் ஜாக்கிகள் 350 மில்லிமீட்டருக்கு மேல் போகாது. கடைகளில் கிடைக்கும் பல ஸ்டாண்டுகள் 270, 280 மில்லிமீட்டருக்குக் கீழே இறங்காது. கிராஸ்மெம்பர் காரின் ஓரத்தைவிட உயரமாக இருக்கும் காரில், ஜாக்கி முழு உயரத்துக்குப் போயும் ஸ்டாண்டு உள்ளே போக இடம் மிச்சமில்லாமல் போகலாம். ஜாக்கியும் ஸ்டாண்டும் ஒன்றாக யோசித்து வாங்க வேண்டியவை. ஸ்டாண்டுக்குக் காசு மிச்சப்படுத்தி ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் படுக்காதீர்கள். ஹைட்ராலிக் சீல் ஒன்று போனால் ஒரு நொடியில் கார் இறங்கிவிடும், லோவர் செய்த காரின் அடியில் ஆள் நெஞ்சளவு இடம்கூட இருக்காது. இந்த ஒன்றில் மட்டும் யாருக்காகவும் வளைந்துகொடுக்கக் கூடாது.

டன் கணக்கு பற்றி அதிகம் கவலை வேண்டாம். ஸ்விஃப்ட் போன்ற கார் ஏறக்குறைய ஒரு டன்தான், அதிலும் நாம் தூக்குவது ஒரு மூலையையோ முன் அச்சையோதான். 2 டன் தரமான ஜாக்கி போதும். 3 டன்னில் கை நீளமாகவும் மேல் உயரம் அதிகமாகவும் கிடைப்பது உண்மை, ஆனால் இரும்பில் பெரும்பாலும் முப்பது கிலோவைத் தாண்டும். மூன்றாம் மாடியிலிருந்து தூக்கி வருபவர் அதையும் யோசிக்கணும். அலுமினியம் எடை குறைவு, விலை கூடுதல். பாட்டில் ஜாக்கி இந்தக் கார்களுக்குச் சரிப்படாது, அது படுக்காமல் நின்றே வேலை செய்வதால் பெரும்பாலும் 150 மில்லிமீட்டருக்கு மேல்தான் ஆரம்பிக்கும்.

சென்னையின் தரையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். டிராலி ஜாக்கியின் கை வளைந்து மேலே போவதால், தூக்கும்போது ஜாக்கி தன் சக்கரங்களில் கொஞ்சம் உருள வேண்டும். அடுக்குமாடிகளின் ஸ்டில்ட் தளத்தில் போட்டிருக்கும் பேவர் பிளாக் இடுக்கில் அந்தச் சின்ன இரும்புச் சக்கரங்கள் மாட்டிக்கொண்டால் உருளாது, பதிலாகத் தலை விளிம்பிலிருந்து நழுவும். அக்னி நட்சத்திர நாட்களில் இளகிய தார் ரோட்டிலும் இதே கதை. தாழ்வான காரில் பிளைவுட்டுக்கு இடம் இல்லை என்றால் நாலைந்து மில்லிமீட்டர் இரும்புத் தகடு போடலாம். இடமும் ஒரு பிரச்சினை. பார்க்கிங் கட்டம் சுமார் இரண்டரை மீட்டர் அகலம், கார் 1.7 மீட்டர். பக்கத்திலிருந்து ஜாக்கியை நீட்டிக் கைப்பிடியை அடிக்க அங்கே முடியாது. காரை வெளியே, சமதரைக்குக் கொண்டுவந்து, எதிர்ச் சக்கரங்களுக்குக் கட்டை வைத்த பிறகுதான் வேலை.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் நின்ற காரை வாங்கி லோவர் செய்திருந்தால், காரின் ஓரத்தில் மடிந்திருக்கும் அந்த விளிம்பைச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே துரு ஏறியிருந்தால் எவ்வளவு நல்ல ஜாக்கி வைத்தாலும் தகடுதான் உள்ளே போகும். ஸ்பீடு பிரேக்கரில் உரசி உரசி விளிம்பு மடங்கிய கார்களிலும் ரப்பர் கட்டையின் பள்ளம் பொருந்தாது. முதலில் அதை நிமிர்த்த வேண்டும்.

கடற்கரைப் பக்கம், திருவான்மியூர், பெசன்ட் நகர் போன்ற இடங்களில் இருப்பவர்கள் ஜாக்கியை எப்போதும் முழுக்க இறக்கியே வைக்க வேண்டும். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பிஸ்டன் தண்டில் உப்புக்காற்றால் துருப்புள்ளி வந்தால், அது சீலை அறுத்துவிடும். எண்ணெய் குறைந்தால் ஜாக்கி ஆயிலையே ஊற்றணும். பிரேக் ஆயில் சீலைக் கெடுத்துவிடும்.

புதிதாக லோவரிங் ஸ்பிரிங் மாட்டும் அன்றைக்கு இன்னொரு சிக்கல் காத்திருக்கும். பழைய உயரத்தில் சுலபமாக நுழைந்த ஜாக்கி, வேலை முடிந்து காரை இறக்கும்போது புதிய உயரத்தில் அடியிலேயே மாட்டிக்கொள்ளும். இறக்குவதற்கு முன்பே சக்கரங்களுக்கு அடியில் அந்த மரப்பலகைகளைத் தள்ளி வைத்துவிட்டால், ஜாக்கியை உருவி எடுத்த பிறகு காரை மெதுவாகப் பின்னால் எடுத்துக்கொள்ளலாம்.